ரோஸ் நிறப் பூட்டு

பூட்டுகள் ரோஸ் நிறத்தில் வந்திறங்கியபோது நாங்கள் நால்வரும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டோம்.

"பூட்டுக்கே பவுடர் பூசி அனுப்பிச்சிருக்காங்கடி" என்றாள் ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்காது. நிஜ ஜெனரேட்டர் மின்சாரம் போனால்தான் ஓடும், இவள் எப்போதும் ஓடுவாள். என் பெயர் டபுள் செக். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். மூன்றாமவர் டீச்சர். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், எங்களில் மூத்தவர். நான்காமவள் குட்டி. வயதில் இளையவள், உயரத்தில் எங்கள் எல்லோரையும் விட ஒரு தலை அதிகம்.

எங்கள் கம்பெனிக்குப் பல நாடுகளில் தொழிற்சாலைகள் உண்டு. தண்ணீர் பம்புகளுக்கான மோட்டார் செய்கிறோம். நாங்கள் நால்வரும் பேக்கிங் வரிசையில் நின்றவர்கள். மெஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் எந்த நாட்டிலும் பெண்களே இல்லை என்பதைத் தலைமை அலுவலகம் திடீரென்று ஒருநாள் கண்டுபிடித்தது. உடனே ஒரு திட்டம் வந்தது. வரிசையில் நிற்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பகலில் மெஷின் வேலை பழக்கி, மாலையில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ வகுப்புக்கு அனுப்பி, தேறியவர்களை டெக்னீஷியன் ஆக்குவது. விண்ணப்பம் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது என் தகுதிக்காகவா, ஆள் குறைந்ததாலா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் வந்ததில்லை. பேக்கிங் வரிசையில் மெஷின் நின்றுபோனால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். டெக்னீஷியன் ஆடி அசைந்து வருவார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்பார். நாங்கள் ஒன்றும் பண்ணித் தொலைத்திருக்க மாட்டோம். ஆனாலும் தலையைக் குனிந்துகொள்வோம். மெஷினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு வேறு வழியில்லை. அந்தத் தலைகுனிவு போதும் என்று முடிவு செய்திருந்தேன்.

டெக்னீஷியனுக்கு அடையாளமே அவருடைய பூட்டுதான். மெஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால், அதற்கு மின்சாரம் வரும் சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அது மறுபடி மேலே ஏறாதபடி பூட்டைப் போட்டுவிட வேண்டும். சாவி பூட்டியவரின் பையில் இருக்கும். வேறு சாவி உலகத்திலேயே கிடையாது. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இந்தத் தொழிற்சாலையில் எல்லா விதியையும் யாராவது எப்போதாவது வளைத்துவிடுவார்கள், இதை மட்டும் வளைக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஆண்களின் பூட்டுகள் சிவப்பு. எங்களுடையவை ரோஸ். ஒவ்வொன்றிலும் அவரவர் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும்.

"உங்களுக்குன்னே ஸ்பெஷலா ஆர்டர் பண்ணினது. போட்டோல பளிச்சுனு தெரியும், பாருங்க" என்றார் எச்.ஆர். மேடம். குரலை உயர்த்தத் தெரியாத, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் மேடம். அவர் ஏற்பாட்டில் கேன்டீன் சுவர் முழுக்க எங்கள் நால்வரின் படம். அதன் கீழே, 'எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு' என்று எழுதியிருந்தது. இடம் இருந்தது உண்மைதான். சுவரில்.

பழுதுபார்க்கும் பிரிவில் மீசை என்று ஒருவர். எங்களைக் கண்டாலே, "ரோஸ் படை வருதுப்பா, எல்லாரும் தலை சீவிக்கங்க" என்பார். ஜெனரேட்டர் விட மாட்டாள். "அண்ணே, உங்களுக்கு மேல சீவ ஒண்ணுமில்ல, கீழ இருக்கறதச் சீவுங்க" என்று அவர் மீசையைக் காட்டுவாள். அந்த அளவில் எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பயிற்சி முடியும் தறுவாயில் அது நடந்தது.

மோட்டார் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ரோலர் வரிசையில் ஓர் அட்டைப்பெட்டி நசுங்கிச் சிக்கிக்கொண்டது. என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். கைப்பிடியை இறக்கினேன். பூட்டைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மெஷின் ஓடவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். சாவியைப் பைக்குள் போட்டேன். பிறகு மெஷினைச் சுற்றிப் பின்பக்கம் போய், மண்டியிட்டு, இரண்டு ரோலர்களுக்கு நடுவே வலது கையை முழங்கை வரை விட்டேன். அட்டை பிய்ந்து பிய்ந்து வந்தது.

ரோலர் சுற்றியது.

முதலில் போனது சட்டைக் கை. துணி இறுகி, கையை உள்ளே இழுத்தது. மெஷினின் சட்டத்தைக் காலால் உதைத்துப் பின்பக்கம் சாய்ந்தேன். தையல் விட்டு, சட்டைக் கை தோளோடு கழன்று ரோலருக்குள் போயிற்று. என் கை என்னிடம் இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து ரத்தம் புள்ளி புள்ளியாகப் பூத்தது.

எழுந்து முன்பக்கம் வந்து ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடி மேலே ஏறியிருந்தது. என் பூட்டு பெட்டியின் தலைமேல் வாயை மூடிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார். எதற்கெடுத்தாலும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்பதால் அவர் பெயரே சீக்கிரம் சார்.

"ஏம்மா, அங்க என்ன பண்ணிட்டிருந்த?"

"உள்ள கை விட்டிருந்தேன் சார். பூட்டிட்டுத்தான் போனேன்."

"எங்க பூட்டின? இதோ இருக்கு உன் பூட்டு. மாட்டாமலே மேல வெச்சிட்டுப் போயிருக்க."

"இல்ல சார், மாட்டினேன்."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"சாவி உன்கிட்ட. நீ பின்னாடி. அப்ப பூட்டு தானா கழண்டு, நடந்து, மேல ஏறி உக்காந்துக்கிச்சா?"

உள்ளே போன சட்டைத் துணியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் தானா வெளிய வரும். முதல்ல கைக்கு மருந்து போடு. சீக்கிரம், சீக்கிரம்." நான் வாசலைத் தாண்டுவதற்குள் வரிசை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

அன்று மாலை வகுப்பில் எதுவும் காதில் விழவில்லை. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் 'பூட்டினேன்', மறுபக்கம் 'பூட்டவில்லை'. பூட்டினேன் என்பதற்கு என் ஞாபகம் மட்டும்தான் இருந்தது. பூட்டவில்லை என்பதற்குச் சாவி இருந்தது, பூட்டு இருந்தது, ஓடிய ரோலர் இருந்தது. நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பூட்டைப் போட்டேன். ஆனால் ஓட்டிப் பார்க்கப் பார்க்க, அது நடந்த ஞாபகமா, நடந்திருக்க வேண்டும் என்று நானே செய்துகொண்ட ஞாபகமா என்று பிரித்தறிய முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா கையைப் பார்த்துவிட்டாள். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டி அதட்டி, சாதாரணமாகப் பேசினாலே அதட்டுகிற மாதிரி இருக்கும்.

"நீயா பூட்ட மறந்த? கேஸ் அடைச்சோமான்னு படுத்த பிறகு எந்திரிச்சுப் போய்ப் பாக்கறவ நீ. உன் தொல்லை தாங்காம நான் அடுப்பைத் தொடறதையே விட்டுட்டேன்."

"சாவி என் பையிலதான்க்கா இருந்துச்சு."

"அதனால?"

"அதனால நான் பூட்டியிருக்க முடியாது."

"கை இந்த லட்சணத்துல இருக்கு, நீ என்னமோ கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி உனக்கு எதிரா நீயே வாதாடற. போய்ச் சாப்பிடு."

மறுநாள் எச்.ஆர். மேடம் அழைத்தார். கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"பரவாயில்ல மேடம்."

"சூப்பர்வைசர் எல்லாம் சொன்னார். மறதி யாருக்கும் வரும். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலேர்ந்து ஆள் வர்றாங்க, தெரியும்ல? திட்டத்துக்கே பொறுப்பானவங்க. இந்த நேரத்துல விபத்துன்னு ஒரு வார்த்தை போச்சுன்னா, 'பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிப்படாது'ன்னு இங்கேயே நாலு பேர் கிளம்பிடுவாங்க. திட்டத்தையே மூடிடுவாங்க. உனக்காகச் சொல்லல, மத்த மூணு பேரையும் நெனச்சுப் பாரு."

பூட்ட மறந்துவிட்டேன், சிறு கீறல்தான் என்று எழுதியிருந்த காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அந்த மூன்று பேரையும் நினைத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். என் மறதிக்கு மற்றவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது.

வருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் மினுக்கினார்கள். எங்கள் பூட்டுகளில் தொங்கிய போட்டோ அட்டைகள் அழுக்காகிவிட்டன என்று புதிதாக அச்சடிக்கக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நான்கு பூட்டுகளும் மொட்டையாக, ஒரே அச்சாக, உடை மாற்றும் அறையின் பெஞ்சில் கிடந்தன. ஜெனரேட்டர் ஒன்றை எடுத்துத் திறந்து, இடுப்புப் பட்டையில் மாட்டினாள்.

"அது என்னோடது" என்றேன். என் பூட்டின் அடியில் ஒரு கீறல் உண்டு. அடையாளத்துக்கு நானே போட்டது.

"என்னோடதுதான்டி. என் சாவிலதானே தொறந்தேன்."

"கீறலப் பாரு."

பார்த்தாள். தன் சாவியைப் பார்த்தாள். மறுபடி பூட்டித் திறந்தாள். திறந்தது.

டீச்சர் தன் சாவியை எடுத்து அதே பூட்டில் போட்டார். திறந்தது. குட்டியின் சாவிக்கும் திறந்தது. பிறகு என் சாவியால் மற்ற மூன்றையும் திறந்தேன். பெஞ்சில் நான்கு பூட்டுகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயே, நாலுக்கும் ஒரே சாவி!" என்று கைதட்டினாள். அப்புறம் என் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. நான் பூட்டியிருக்கிறேன், மறக்கவில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதி வந்ததும்தான், அதை என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தவர் நினைவுக்கு வந்தார்.

சீக்கிரம் சாரிடம் நேராகப் போய்க் கேட்டேன். "எங்க பூட்டுக்கு உங்ககிட்ட சாவி இருக்கா சார்?"

ஒளிக்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து எடுத்தே காட்டினார். ரோஸ் நிற நாடா கட்டிய சாவி.

"இருக்கும்மா. செட்டோட வந்தது. நீங்க யாராவது சாவிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டா வேலை நிக்கக் கூடாதுல்ல? அதான் எல்லாத்துக்கும் ஒரே சாவியா வாங்கினாங்க. உங்க சௌகரியத்துக்குத்தான்."

"சிவப்புப் பூட்டுக்கெல்லாம்?"

"அது வேற. அவங்க பழகினவங்க."

"அன்னைக்கு நீங்கதான் தொறந்தீங்களா?"

"பெட்டி குவிஞ்சு கெடக்கு. உன்னக் காணோம். டீ குடிக்கப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"பின்னாடி வந்து ஒரு எட்டுப் பாத்திருக்கலாமே சார்."

"கூப்பிட்டுப் பாத்தேன்மா. சத்தத்துல உனக்குக் கேக்கல."

"அப்ப ஏன் நான் பூட்டவே இல்லன்னு சொன்னீங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். எனக்காக வருத்தப்படுகிற மாதிரி. "இப்ப எதுக்கு அதெல்லாம்? நீயே மறந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. கைதான் நல்லாயிருக்கே. போம்மா, வேலை கெடக்கு."

கைதான் நல்லாயிருக்கே. அந்த வார்த்தையை வகுப்பு வரை சுமந்துகொண்டு போனேன். நான் கோபப்படத் தெரியாதவள். கோபம் வரும்போதே, நம் பக்கம் தப்பு இருக்குமோ என்ற யோசனையும் கூடவே வந்து அதைக் கரைத்துவிடும். இந்த முறை கரைப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் நிஜமாகவே தேடிப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் கேன்டீனில், எங்கள் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து பேசினோம்.

"இப்ப வாயத் தொறந்தா நாலு பேருக்கும் வேலை போச்சு" என்றாள் ஜெனரேட்டர். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க. வீட்டுக்காரர் இப்ப வேற வீட்ல இருக்கார். எனக்கு இந்த வேலை வேணும்டி."

"எனக்கும்தான் வேணும்."

"அப்ப சும்மா இரு. வேலை கைக்கு வரட்டும், அப்புறம் கேப்போம்."

"அதுவரைக்கும் கை இருக்கணுமே."

ஜெனரேட்டர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். போனவள் பாதியிலேயே திரும்பி வந்தாள். "சரி, என்ன பண்ணலாங்கற? அதச் சொல்லித் தொலை."

வழி சொன்னது டீச்சர். "யார் மேலயும் குத்தம் சொல்ல வேண்டாம். வர்றவங்களுக்குப் பூட்டுப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்காங்கல்ல? போட்டுக் காட்டுவோம். அப்புறம் ஒரே சாவில தொறந்தும் காட்டுவோம். பாக்கறவங்களுக்குக் கண்ணு இருக்கும்ல?"

எனக்கு அது சரியாகப் பட்டது. பேச வேண்டியதில்லை, குரல் நடுங்க வேண்டியதில்லை. செய்து காட்டினால் போதும்.

அந்த நாள் வந்தது. தலைமை அலுவலகத்து அம்மா எங்கள் பாஷை தெரியாதவர். நரைத்த குட்டை முடி, கனிவான கண்கள். எல்லோரிடமும் கைகுலுக்கினார். எச்.ஆர். மேடம் பக்கத்திலேயே நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். கேமராக்காரர் ஒருவர். மேனேஜர்கள் ஒரு வரிசை. ஓரத்தில் சீக்கிரம் சார், புதுச் சட்டையில்.

கைப்பிடியை இறக்கினேன். பலர் சேர்ந்து வேலை செய்யும்போது எல்லோரும் பூட்டுப் போடுவதற்கென்று பல துளைகள் உள்ள ஒரு கொக்கி உண்டு. அதில் நால்வரும் வரிசையாகப் பூட்டினோம். பளிச்சென்று நான்கு ரோஸ் பூட்டுகள். கேமராக்காரர் குனிந்து குனிந்து எடுத்தார்.

நான் என் சாவியை எடுத்தேன். என் பூட்டைத் திறந்தேன். அதே சாவியால் ஜெனரேட்டருடையதை. டீச்சருடையதை. குட்டியுடையதை. நான்கையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் அந்த ஒற்றைச் சாவியைத் தூக்கிப் பிடித்தேன்.

மேனேஜர்கள் வரிசையில் யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதிலிருந்தே அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த அம்மாவின் புருவம் சுருங்கியது. எச்.ஆர். மேடத்திடம் ஏதோ கேட்டார். மேடத்தின் முகம் ஒரு கணம் வெளிறிப் போயிற்று. பிறகு சிரித்தபடி நீளமாக ஏதோ சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"என்ன மேடம் சொன்னீங்க?" என்றேன்.

"நீங்க நாலு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் எவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்கீங்கன்னு காட்டறதுக்காக இப்படி ஏற்பாடு பண்ணீங்கன்னு சொன்னேன்." உதடு அசையாமல், பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. "சிரிம்மா."

"அய்யோ, இல்லீங்க!" என்று ஜெனரேட்டர் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தாள். "இவ கை போயிருக்கும்! பாருங்க!" என் சட்டைக் கையைப் பிடித்து மேலே சுருட்டிக் கட்டைக் காட்டினாள். அந்த அம்மா பதறிப் போய் என் மணிக்கட்டைத் தொட்டார். மேடத்தைப் பார்த்தார். மேடம் நிதானமாக இரண்டே இரண்டு வார்த்தை சொன்னார்.

அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. என்னைப் பார்த்து, ஒரு கையைச் சட்டி பிடிக்கிற மாதிரியும் மறு கையைக் கரண்டி கிளறுகிற மாதிரியும் வைத்து ஆட்டி, தலையை அசைத்துச் சிரித்தார். எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது என்பதுபோல் தன் விரலில் ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

சமையல். என் கை வெந்தது சமையலில்.

அவருடைய பாஷையில் எனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து, "இல்லை, மெஷின்" என்றேன். அவர் திரும்பி மெஷினைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தி என்னைப் பாராட்டினார்.

அங்கேயே அப்போதே அறிவித்தார்கள். நால்வருக்கும் டெக்னீஷியன் வேலை. சான்றிதழும் பூங்கொத்தும். என் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது கால் தானாக நடந்து போயிற்று. நான் இவ்வளவு நாள் ஏங்கியது கைக்கு வந்தது. என்னைக் கொல்லக்கூடிய பூட்டோடு சேர்ந்து வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? படித்தது நான், தேறியது நான். அவர்கள் செய்த அயோக்கியத்தனத்துக்கு என் வேலையை நான் ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும்?

அந்த வாரமே கேன்டீன் சுவரில் படம் மாறியது. நான் ஒற்றைச் சாவியைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம். ஆத்திரத்தில் என் முகம் இறுகியிருந்தது, படத்தில் அது தன்னம்பிக்கை மாதிரி தெரிந்தது. கீழே, 'ஒரே அணி, ஒரே சாவி.'

வேறு பூட்டு கேட்டு எழுதிக் கொடுத்தேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இரும்புக் கடைக்குள் நுழைந்தேன். கனமான பூட்டு ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் அதற்கு இரண்டு சாவி கொடுத்தார்.

"இதுல ஒண்ணைச் சுத்தியல்ல அடிச்சு நசுக்கிக் குடுங்கண்ணே."

"நல்ல சாவிய யாராவது நசுக்குவாங்களா தங்கச்சி? ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வேணாமா?"

"வேணாம்ணே."

"வீட்ல சண்டையா?"

"வேலை பாக்கற எடத்துல."

அவர் சுத்தியலை எடுத்தார். சாவியை இரும்புத் துண்டின் மேல் வைத்து நன்றாக அடித்தார். சாவி தட்டையாகி, பல்லெல்லாம் நசுங்கி, எந்தப் பூட்டுக்கும் உதவாமல் போயிற்று. நான் இரண்டு முறை போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

டெக்னீஷியனாக எனக்கு வந்த முதல் வேலை அதே ரோலர் வரிசை. ஒரு ரோலர் மட்டும் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தது. கைப்பிடியை இறக்கினேன். என் பூட்டைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்திப் பார்த்தேன். திரும்பி வந்து பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். பின்பக்கம் போய் மண்டியிட்டேன். கையை உள்ளே விடுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. கை மறுத்தது. விட்டேன்.

ரோலரின் முனையில், அது சுற்றும் இடத்தில், ஏதோ இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தேன். துணி. இழுத்தேன். கொஞ்சம் வந்தது.

அப்போது முன்பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. அதன் பிறகு ஒரு சின்னச் சத்தம். இரும்பை இரும்பு சுரண்டுகிற சத்தம்.

என் பூட்டில் யாரோ சாவி போட்டார்கள்.

என் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. எடுத்துவிடு என்று ஒவ்வொரு நரம்பும் சொன்னது. எடுக்கவில்லை. சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மறுபடி சுரண்டியது. பூட்டைப் பிடித்து ஆட்டினார்கள். கைப்பிடி அசையவில்லை. இத்தனைக்குப் பிறகும், என் கையைப் பார்த்த பிறகும், கேட்காமல் கொள்ளாமல் அந்த ஆள் ரோஸ் நாடா கட்டிய சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்!

"யாரோட பூட்டு இது?" என்று சீக்கிரம் சாரின் குரல்.

"என்னோடது சார்" என்று கத்தினேன்.

"தொறக்க மாட்டேங்குதே!"

"தொறக்காது சார்."

"ரோஸ் பூட்டு எங்க? இது கம்பெனி பூட்டு இல்லியே. யாரக் கேட்டு மாட்டின? எழுதிக் குடுப்பேன், தெரியும்ல?"

"எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பெட்டி குவியுதும்மா! சீக்கிரம் சாவியக் குடு!"

"நான் பின்னாடி இருக்கேன் சார். வந்து வாங்கிக்கங்க."

செருப்புச் சத்தம் மெஷினைச் சுற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் அவர் பின்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. வந்தார். மண்டியிட்டிருக்கிற என்னைப் பார்த்தார். முழங்கை வரை உள்ளே இருக்கிற கையைப் பார்த்தார். அவர் விரலில் ரோஸ் நாடா ஆடிக்கொண்டிருந்தது.

"சீக்..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார்.

நான் அவசரப்படவில்லை. எப்போதும் யாராவது பக்கத்தில் நின்றால் எனக்குக் கை பதறும், இருக்கிற வேலையும் கெட்டுவிடும். அன்று பதறவில்லை. துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். பிரித்த இடத்தை விரலால் தடவி, மிச்சம் நூல் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். ரோலரைக் கையால் சுற்றிவிட்டேன். லேசாகச் சுற்றியது. அந்தப் பக்கத்தில் பெட்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

கையை வெளியே எடுத்து, எழுந்து, அந்தத் துணியை அவரிடம் நீட்டினேன். கிரீஸில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. மணிக்கட்டுப் பித்தான் மட்டும் உடையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"என் சட்டைக் கை சார். தானா வெளிய வரும்னீங்களே. வரல."

அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய புதுச் சட்டைப் பைக்குள் நானே செருகிவிட்டு, பூட்டைத் திறக்க முன்பக்கம் நடந்தேன்.